மரபுத்தொடரும் மறைபொருளும்: ஆங்கிலம் கற்கும் ஊழியருக்கு ஒரு விளக்கம்

இறையியல் பயிலும் தமிழ் மாணவர் கையிலெடுக்கும் விளக்கவுரைகளும் திருச்சபை வரலாறுகளும் பெரும்பாலும் இன்றும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ்வழியாகப் பள்ளிப்படிப்பை முடித்து வரும் மாணவர் அகராதியைத் துணைக்கொண்டு இவற்றைப் படிக்க முயல்கின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கிடைக்கிறது. ஆயினும் வாக்கியத்தின் பொருள் கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, உழைப்புக் குறைவுமன்று. ஆங்கிலத்தில் நிறைந்துள்ள மரபுத்தொடர்கள் அகராதியின் சொல்வரிசைக்குள் அடங்காதவை என்பதே காரணம். இம்மரபுத்தொடர்கள் எவ்வாறு தோன்றின, இவற்றை எவ்வாறு இனங்கண்டு கொள்வது, இவற்றைத் தவறாகப் பொருள் கொள்வதால் சபைக்கு நேரும் இழப்பு யாது என்பவற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

மரபுத்தொடர் என்பது யாது?

தூத்துக்குடிக்கு வடபால் அமைந்துள்ள மாப்பிள்ளையூரணி என்னும் ஊர்ப்பெயரையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். தமிழ் கற்கும் அயல்நாட்டார் ஒருவர் இப்பெயரைப் பிரித்து நோக்கினால், மணமகன் என்ற பொருளும் குடிநீர்க் குளம் என்ற பொருளும் கிடைக்கும். ஆனால் அவ்வூரில் வாழ்வோர் தம் ஊர்ப்பெயரைச் சொல்லும்போது மணமகனையும் எண்ணுவதில்லை, குளத்தையும் எண்ணுவதில்லை. பகுதிகளின் பொருள் மறைந்து, முழுமைக்குப் புதியதொரு பொருள் வந்துவிட்டது.

இப்பெயரின் முற்பகுதியே வேறு தொடர்களிலும் வருகிறது. 'மாப்பிள்ளை முறுக்கு' என்றால் அது தின்பண்டமன்று. தன்னை மதிக்கவில்லை என்று பிணங்கி நிற்கும் செருக்கு. 'மாப்பிள்ளை பெஞ்சு' என்றால் வகுப்பறையின் கடைசி வரிசை. இவற்றை நாம் எந்த அகராதியையும் நாடாமல் அறிந்துகொண்டோம். பிறர் வழங்கக் கேட்டு அறிந்தோம். ஆங்கிலேயக் குழந்தை தன் மரபுத்தொடர்களை அறிவதும் இவ்வாறே.

எனவே மரபுத்தொடருக்கு மூன்று இயல்புகள் உண்டென்று கொள்ளலாம். முதலாவது, முழுத்தொடரின் பொருள் தனிச்சொற்களின் பொருளினின்றும் வேறுபட்டது. இரண்டாவது, அதன் சொற்களை மாற்றுதல் இயலாது. 'கைகழுவி விட்டான்' என்றால் பொறுப்பைத் துறந்தான் என்று பொருள்; 'கரத்தைக் கழுவினான்' என்றால் தண்ணீரும் சோப்பும் மட்டுமே நினைவுக்கு வரும். மூன்றாவது, அதன் இலக்கண வடிவம் பெரும்பாலும் உறைந்துபோனது. 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்பதை 'மூன்று கல்லில் ஆறு மாங்காய்' என்று எவரும் பெருக்குவதில்லை. ஆங்கிலேயர் இதே கருத்தை ஒரு கல்லால் இரு பறவைகளைக் கொல்வதாகக் கூறுவர். அவர் பறவையும் நம் மாங்காயும் வேறாயினும் கருத்து ஒன்றே.

முத்துக்குளித்துறையில் இருவழிக் கல்வி

அயல்மொழி மரபால் இடர்ப்படுவது தமிழ் மாணவர் மட்டுமே என்று எண்ணுதல் கூடாது. நம் முத்துக்குளித்துறையின் வரலாறே இதற்குச் சான்று. 1542ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், துணைவர் சிலரின் உதவியோடு விசுவாசப் பிரமாணம் முதலியவற்றைத் தமிழாக்கிக் கற்பித்தார். அம்மொழிபெயர்ப்பில், விசுவசித்தலைக் குறிக்கவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் சொல் அமைந்துவிட்டது. 'வேண்டும்' என்பது விருப்பத்தையே குறிக்கும் என்பதைப் பின்னர் அறிந்த சவேரியார், தம் உடனூழியராகிய மான்சில்லாசுக்கு எழுதிய மடலில் அதனை மாற்றி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வழங்கும்படி பணித்தார். சொல் ஒன்றே, ஆயினும் கடவுளை விசுவசிப்பதற்கும் கடவுளிடம் ஒன்றை விரும்பிக் கேட்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கசு பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதையும் இக்கரையோர மக்களிடையே கழித்தார். தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் உழைப்பின் கனி. மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள சாயர்புரத்தில் 1842 முதல் பணிபுரிந்த ஜி. யு. போப் ஐயர், பிற்காலத்தில் திருக்குறளை ஆங்கிலமாக்கி 1886இல் வெளியிட்டார். இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். மக்களோடு மக்களாய் வாழ்ந்து அவர்தம் வழக்கை அறிந்தமையே இவர்தம் புலமைக்கு அடித்தளம். நம் மொழியின் மரபை அறிய அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், அவர்கள் மொழியின் மரபை அறிய நாம் படும் பாடு வெட்கத்துக்குரியதன்று என்பது விளங்கும்.

நம் இலக்கணம் தரும் மூன்று திறவுகோல்கள்

ஆங்கில மரபுத்தொடர்களை வகைப்படுத்தி அறிய நமக்கு வெளியிலிருந்து கருவி வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துள்ளார். இம்மூன்றும் ஆங்கிலத்திற்கும் பொருந்தும்.

இடக்கரடக்கல் என்பது அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறுவது. 'கால் கழுவி வந்தேன்' என்று நாம் கூறுவது இவ்வகை. எபிரெய மொழியும் இத்தகையதே. 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில் சவுல் குகைக்குள் நுழைந்தது தன் கால்களை மூடிக்கொள்வதற்காக என்று எபிரெய மூலம் கூறுகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதனைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பெயர்த்தது. அதனைப் படிக்கும் மாணவர், குளிருக்காகச் சவுல் காலைப் போர்த்துக்கொண்டான் என்று எண்ணக்கூடும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளரோ அது இடக்கரடக்கல் என்பதை உணர்ந்து, இயற்கைக் கடன் கழிக்கச் சென்றான் என்ற பொருள் வெளிப்படையாகத் தோன்றும்படி பெயர்த்தனர். இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழே மாணவருக்குத் தெளிவு தருகிறது.

மங்கலம் என்பது துயரமானதை நல்ல சொல்லால் கூறுவது. 'செத்தார்' என்னாது 'துஞ்சினார்' என்றனர் முன்னோர். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்கிறது சபை. ஆங்கிலத்தில் இறந்தவரைக் 'கடந்து சென்றார்' என்பது இவ்வகையே. ஆனால் அதே மரணத்தைக் குறிக்கும் வேறொரு தொடரும் ஆங்கிலத்தில் உண்டு. அது 'வாளியை உதைத்தார்' என்பது. அகராதி இரண்டுக்கும் 'இறந்தார்' என்றே பொருள் கூறும். ஆயினும் பின்னது 'மண்டையைப் போட்டான்' என்பதற்கு நிகரான இழிவழக்கு. துயருற்ற குடும்பத்தாருக்கு எழுதும் ஆங்கில ஆறுதல் மடலில் இத்தொடரைப் புகுத்திவிட்டால் விளையும் புண்ணை ஆற்றுவது எளிதன்று. ஆகவே தொடரின் பொருளை மட்டுமன்றி அதன் தகுதியையும் அறிதல் வேண்டும்.

குழூஉக்குறி என்பது ஒரு தொழிலார் தமக்குள் வழங்கும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஆங்கில மரபுத்தொடர்களிற் பல இவ்வாறு தொழிலாரிடமிருந்து பொதுவழக்கிற்கு வந்தவை. ஆங்கிலேயர் கடலால் சூழப்பட்ட தீவினர். பாய்மரக் கப்பல்களால் வணிகமும் போரும் நடத்தியவர். ஆதலின் கப்பலோட்டிகளின் குழூஉக்குறிகள் அவர்தம் வீட்டுமொழியாகவே மாறிவிட்டன. தோணியும் கடலும் அறிந்த தூத்துக்குடிக் கரையோர மாணவருக்கு இவற்றை உணர்த்துவது பிற ஊரார்க்கு உணர்த்துவதினும் எளிது.

'டேக்கன் அபேக்' என்ற தொடர் திகைத்து நிற்றலைக் குறிக்கும். காற்று திடீரெனத் திசைமாறிப் பாயின் முன்புறத்தில் மோத, பாய் பாய்மரத்தின்மேல் அழுந்த, கப்பல் செல்லும் திசையில் செல்லமாட்டாது நின்றுவிடும். பாய் விரித்து ஓடிய தோணிக்கு எதிர்க்காற்று என்ன செய்யும் என்பதை அறிந்தவருக்கு இத்தொடர் ஒருபோதும் மறவாது. 'கயிறுகளை அறிந்தவர்' என்றால் தொழிலின் நுட்பம் தெரிந்தவர். பாய்களை ஏற்றி இறக்கும் எண்ணற்ற கயிறுகளில் எது எதற்குரியது என்று அறிவதே மாலுமியின் முதற்பாடமாயிருந்தது. 'லீவே' என்பது காற்று தள்ளுவதால் கப்பல் தன் வழியினின்றும் பக்கவாட்டில் ஒதுங்கும் அளவு. இன்று அது ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் இடைவெளியைக் குறிக்கிறது.

'தன் மெய்யான வண்ணங்களைக் காட்டினான்' என்ற தொடரில் வண்ணம் என்பது கொடி. கடலில் அயல்நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு ஏமாற்றிய கப்பல் இறுதியில் தன் சொந்தக் கொடியை ஏற்றும். நாம் இதே நிலையைச் 'சாயம் வெளுத்துப்போயிற்று' என்கிறோம். அவர்களுக்கு வண்ணம் ஏறும்போது உண்மை வெளிப்படுகிறது. நமக்கு வண்ணம் போகும்போது உண்மை வெளிப்படுகிறது. இவ்வாறே துணையின்றிக் கைவிடப்பட்டவனை ஆங்கிலேயர் 'உயரத்திலும் உலர்விலும் விடப்பட்டான்' என்பர். நாம் 'நட்டாற்றில் விடப்பட்டான்' என்போம். நீர் வடிந்து கரையில் ஏறிக்கிடக்கும் கப்பல் அவர்கள் கண்ட காட்சி. ஆற்றின் நடுவில் படகின்றித் தவிக்கும் வழிப்போக்கன் நாம் கண்ட காட்சி. ஒன்றில் நீர் இல்லாமை துன்பம். மற்றதில் நீரே துன்பம். சொல்லைப் பின்பற்றினால் இரண்டும் எதிரெதிர். பொருளைப் பின்பற்றினால் இரண்டும் ஒன்று.

திருமறையிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றவை

ஆங்கில மரபுத்தொடர்களின் மற்றொரு பெரிய ஊற்று நம் கையிலுள்ள திருமறையே. வில்லியம் டிண்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டையும் 1530இல் ஐந்தாகமத்தையும் ஆங்கிலத்தில் அச்சிட்டார். 1536இல் அப்பணிக்காகவே உயிர் துறந்தார். அவர் ஆக்கிய தொடர்களிற் பல 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பிலும் நிலைத்து, நாளடைவில் சபைக்கு வெளியிலும் பரவின. இன்று ஆங்கில நாளிதழில் 'சுவரில் எழுதிய எழுத்து' என்று வந்தால் அது தானியேல் 5ஆம் அதிகாரம். வரவிருக்கும் அழிவின் அறிகுறி என்று பொருள். 'களிமண் பாதம்' என்றால் தானியேல் 2ஆம் அதிகாரம். போற்றப்படுபவரிடம் மறைந்துள்ள குறை என்று பொருள். 'பதினோராம் மணி' என்றால் மத்தேயு 20ஆம் அதிகாரம். கடைசி நேரம் என்று பொருள். யூதர் பகலைப் பன்னிரண்டு பங்காக்கினர். பதினோராவது மணி ஏறத்தாழ மாலை ஐந்து. இதனை அறியாதவர் காலை பதினொரு மணி என்று எண்ணி, அது எவ்வாறு கடைசி நேரமாகும் என்று மயங்குவர். திறமையைக் குறிக்கும் 'டேலண்ட்' என்னும் சொல்லும் மத்தேயு 25ஆம் அதிகாரத்துத் தாலந்து என்னும் நிறையளவினின்றே பிறந்தது. தமிழ்ச் சபையிலும் 'பாடும் தாலந்து' என்கிறோம் அன்றோ!

இவற்றுள் மூன்றினைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவது, கண்மணி. உபாகமம் 32ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் மக்களைக் கண்மணிபோல் காத்ததாகக் காண்கிறோம். இதனை ஆங்கிலத்தில் 'கண்ணின் ஆப்பிள்' என்றனர். கண்ணின் நடுவிலுள்ளது உருண்டையான ஒரு பொருள் என்று பண்டு எண்ணியமையே காரணம். எபிரெயச் சொல்லோ 'ஈஷோன்', அதாவது 'சிறு மனிதன்'. பிறர் கண்ணை உற்று நோக்குவார்க்கு அங்கே தம் சிறு உருவம் தோன்றுவதால் எழுந்த பெயர் இது. இலத்தீனில் இது சிறுபாவை எனப்பட்டது. தமிழிலோ பொம்மைக்கும் கண்ணின் கருமணிக்கும் 'பாவை' என்ற ஒரே சொல் உண்டு. வள்ளுவரும் இதனை ஆண்டுள்ளார். ஆக, எபிரெயக் கற்பனைக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் நெருங்கி நிற்கிறது. இதனை அறிந்த போதகர், கடவுளின் கண்ணருகே வந்து நிற்பவனின் சிறு உருவம் அக்கண்ணில் தெரிகிறது என்று எத்துணை அழகாக விளக்கலாம்!

இரண்டாவது, ஸ்கேப்கோட் என்பது. இச்சொல்லை ஆக்கியவர் டிண்டேல். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வருகின்றன. ஒன்று பலியிடப்படுகிறது, மற்றொன்று மக்களின் பாவங்களைச் சுமந்து வனாந்தரத்திற்கு உயிரோடு அனுப்பப்படுகிறது. ஆங்கிலச் சொல் பின்னதையே குறிக்கும். பிறர் குற்றத்தைச் சுமத்தப்பட்டு ஒதுக்கப்படுபவர் என்பது இன்றைய பொருள். நம் நாளிதழ்கள் இதனைப் 'பலிகடா' என்று எழுதுகின்றன. ஆனால் பலியான கடா முன்னது! பழைய தமிழ் வேதாகமம் வழங்கும் 'போக்காடு' என்னும் சொல்லே பொருளுக்குச் சரியானது. பாவத்திற்காக இறப்பதும் பாவத்தைச் சுமந்து அகற்றுவதும் ஆகிய இரண்டு கருத்துகள் அந்நாளின் சடங்கில் தனித்தனியே காட்டப்பட்டன. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், கிறிஸ்துவின் பணியை இச்சடங்கின் ஒளியில் விளக்கும் உரைகளின் பாதிப் பொருள் போய்விடும்.

மூன்றாவது, முள்ளில் உதைத்தல். அப்போஸ்தலர் 26ஆம் அதிகாரத்தில் சவுல் கேட்ட இவ்வுரை கிரேக்கரிடையே முன்பே வழங்கிய பழமொழி. தமிழில் 'முள்' என்று படித்தவர்கள் வழியிற் கிடக்கும் கருவேல முள்ளை எண்ணுவர். இங்குக் கூறப்படுவது உழவன் கையிலுள்ள தாற்றுக்கோலின் கூரிய முனை. எருது பின்காலால் அதனை உதைத்தால் கோலுக்கு ஒன்றும் நேராது. எருதின் காலே புண்படும். தன்னை ஓட்டும் தலைவனை எதிர்க்கும் எருது என்ற காட்சி தோன்றினால்தான் சவுலின் நிலை நமக்கு விளங்கும்.

ஒரே பொருள், வேறு பொருண்மை

சில வேளைகளில் இரு மொழிகளும் ஒரே பொருளைக் காட்டும்; கருத்து மட்டும் மாறும். மாப்பிள்ளையூரணியை அடுத்த உப்பளங்களில் விளையும் உப்பையே நோக்குவோம். ஆங்கிலத்தில் 'பூமியின் உப்பு' என்றால் எளிமையும் நேர்மையும் உடையவர். 'தன் உப்புக்குத் தகுந்தவன்' என்றால் வாங்கும் கூலிக்கு ஏற்ப உழைப்பவன். 'ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்' என்றால் முழுதும் நம்பிவிடாதே என்பது பொருள். தமிழில் உப்பு நன்றியைக் குறிக்கும். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிறோம். 'உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்றால் குற்றம் செய்தவன் அதன் பயனை அடைவான். 'உப்புக்குச் சப்பாணி' என்றால் பெயரளவில் மட்டும் இருப்பவன். உப்பு ஒன்றே, உரைக்கும் பொருளோ பல. ஆகவே தமிழில் உப்பு தரும் பொருளை ஆங்கில உப்பின்மேல் ஏற்றுதல் கூடாது.

இதனினும் ஆழமானது வெப்பமும் குளிர்ச்சியும். ஆங்கிலேயர் குளிர்நாட்டார், அவர்களுக்கு வெப்பம் இனிது. வெதுவெதுப்பான வரவேற்பு என்றால் அன்பான வரவேற்பு. குளிர்ந்த வரவேற்பு என்றால் விருப்பமற்ற வரவேற்பு. நாம் வெயில் சுட்டெரிக்கும் நாட்டார். நமக்குக் குளிர்ச்சியே இனிது. 'உள்ளம் குளிர்ந்தது', 'வயிறு குளிர வாழ்த்தினார்' என்போம். உள்ளம் கொதித்தால் சினம். வயிறு எரிந்தால் பொறாமை அல்லது துயரம். 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் இலண்டன் ஆல்டர்சுகேட் தெருவில் நடந்த கூட்டத்தில் தம் உள்ளம் விந்தையாக வெதுவெதுப்புற்றதாக ஜான் வெஸ்லி குறித்துள்ளார். இதனைச் சொல்லுக்குச் சொல் 'உள்ளம் சூடேறியது' என்று தமிழில் கூறினால், வெஸ்லி எவர்மீதோ சினம் கொண்டார் என்றே கிராமச் சபையார் எண்ணுவர். 'உள்ளம் உருகிற்று' என்றால் கருத்துக்கு அணுகிவரலாம். மொழிபெயர்ப்பில் வானிலையும் பங்கு கொள்கிறது என்பதை மறத்தலாகாது.

சிறு சொற்களின் பெருந்தொல்லை

ஆங்கிலத்தில் மாணவரை மிகவும் வருத்துவன வினையோடு சேரும் சிறு சொற்கள். 'புட்' என்பது வைத்தல். ஆனால் 'புட் ஆஃப்' ஒத்திவைத்தல்; 'புட் அவுட்' விளக்கை அணைத்தல்; 'புட் அப் வித்' பொறுத்துக்கொள்ளல். இவற்றுக்கு விதி கேட்பவர்க்கு நாம் கூறத்தக்க மறுமொழி நம் துணைவினைகளே. 'பார்' என்பது காணல். 'பார்த்துக்கொள்' என்றால் பேணுதல். 'ஒரு கை பார்த்துவிடுகிறேன்' என்றால் அச்சுறுத்தல். கொள், விடு, போ என்னும் வினைகள் தமிழில் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் அச்சிறு சொற்கள் செய்கின்றன. ஆதலின் இவற்றைத் தனியே பிரித்துப் பொருள் தேடாது, வினையோடு சேர்த்து ஒரே சொல்லாகக் கற்றல் நலம்.

பழைய ஆங்கில வேதாகமத்தைப் பயில்வோர் மற்றொன்றிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'லெட்' என்பது இன்று இசைவளித்தலைக் குறிக்கும். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில், ரோமர் 1ஆம் அதிகாரத்தில் அது தடுத்தலைக் குறிக்கிறது. 'பிரிவெண்ட்' என்பது இன்று தடுத்தல். 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தில் அது முந்துதல். காலம் மாறும்போது சொல் தன் பொருளை நேர் எதிராகவும் மாற்றிக்கொள்ளும்.

சொல்மயக்கம் உயிர்க்கேடு விளைக்கும் இடங்களில் உலகம் மரபுத்தொடர்களையே ஒதுக்கிவிட்டது. பன்னாட்டுக் கப்பல்களில் பல மொழியினர் சேர்ந்து பணிபுரிவதால், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் கடற்செய்திகளுக்கென நிலையான எளிய ஆங்கிலத் தொடர்களை வகுத்து ஏற்றுக்கொண்டது. ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்பதே அதன் நெறி. இசைவையும் ஐயத்தையும் ஒருங்கே குறிக்கும் 'மே' போன்ற துணைவினைகளையும் தவிர்க்கும்படி அது அறிவுறுத்துகிறது. கப்பலின் பாதுகாப்புக்கு இத்துணைக் கவனம் வேண்டுமாயின், ஆத்துமாக்களின் பாதுகாப்புக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

தலைமேல் தழல்

இக்கவனம் எங்கே இன்றியமையாதது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நீதிமொழிகள் 25ஆம் அதிகாரத்திலும் ரோமர் 12ஆம் அதிகாரத்திலும், பசித்த பகைவனுக்கு உணவளிப்பவன் அவன் தலையின்மேல் எரிதழலைக் குவிக்கிறான் என்ற கருத்து வருகிறது. ஆங்கிலத்தில் இது மரபுத்தொடராகி, தீமைக்கு நன்மை செய்து பகைவனை நாணச் செய்தல் என்னும் பொருளில் வழங்குகிறது. அகுஸ்தினார் முதலிய பண்டைய ஆசிரியர்களும் அத்தழலை மனந்திரும்புதலுக்கு ஏதுவான மனவேதனையாகவே கொண்டனர்.

தமிழ்ச் செவிக்கோ தலையில் நெருப்பைக் கொட்டுதல் கொடுமையின் உச்சம். இத்தொடரை விளக்காமல் பிரசங்க மேடையினின்று உரைத்தால், நன்மை செய்வதும் பழிவாங்கும் ஒரு வழியே என்று கேட்போர் எண்ணுவர். 'நான் சோறு போட்டேன். அவன் தலையில் ஆண்டவர் நெருப்பைப் போடட்டும்' என்ற மனநிலையோடு ஒருவர் வீடு திரும்பினால், அவருடைய குடும்பப் பகை திருமறையின் பெயராலேயே உறுதிப்படுகிறது. பழிவாங்கற்க, தீமையை நன்மையால் வெல்க என்று அதிகாரம் முழுவதிலும் பவுல் கற்பிக்க, ஒரே ஒரு தொடரின் மயக்கத்தால் அப்போதனை தலைகீழாகிவிடுகிறது. சேகரங்களில் பணிபுரிவோர் பிணக்குகளைத் தீர்க்க அழைக்கப்படும்போதெல்லாம் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். நம் மொழியிலேயே இதற்கேற்ற வழக்கு உண்டு: பகைவனை 'வெட்கித் தலைகுனியச் செய்தல்'. அதனோடு அன்பின் நோக்கத்தையும் சேர்த்துரைத்தால் கேட்போர்க்குப் பொருள் தெளிவாகும்.

கற்கும் முறை

இனி, மாணவர் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைத் தொகுத்துக் கூறுவோம்.

ஒன்று: தெரிந்த சொற்களே சேர்ந்து நின்றும் பொருள் தோன்றாவிடில், அங்கே மரபுத்தொடர் உண்டென்று ஐயுறுக. கடினமான சொல்லைவிட எளிய சொற்களின் சேர்க்கையே பெரும்பாலும் ஏமாற்றும்.

இரண்டு: அகராதியில் தொடரின் முதற்சொல்லைத் தேடாது, அதன் தலைமையான பெயர்ச்சொல்லின் கீழ்த் தேடுக. 'கயிறுகளை அறிதல்' என்பது பெரும்பாலும் கயிறு என்ற சொல்லின்கீழ் இருக்கும்.

மூன்று: முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்து, ஆசிரியர் புகழ்கிறாரா, இகழ்கிறாரா, நகைக்கிறாரா என்று முதலில் முடிவு செய்க. தொடரின் பாதிப்பொருள் அங்கேயே கிடைக்கும்.

நான்கு: அத்தொடர் கடலினின்று வந்ததா, வயலினின்று வந்ததா, திருமறையினின்று வந்ததா என்று வினவுக. பிறப்பிடம் அறிந்த தொடர் நினைவில் நிற்கும்.

ஐந்து: குறிப்பேடு ஒன்றில் நான்கு பத்திகள் வகுத்து, தொடர், சொல்லுக்குச் சொல் பொருள், உண்மைப் பொருள், நிகரான தமிழ் வழக்கு ஆகியவற்றை எழுதுக. நான்காம் பத்திக்குத் தமிழ் வழக்கைத் தேடும்போது படத்தை ஒப்பிடாது பொருளை ஒப்பிடுக. ஆங்கிலேயர் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு செல்வதாகக் கூறுவதற்குக் 'கொல்லன் தெருவில் ஊசி விற்றல்' என்பதே நம் வழக்கு. தூத்துக்குடிக்கு உப்பு கொண்டு செல்வதாகக் கூறினாலும் நம் மக்களுக்கு விளங்கும்.

ஆறு: பலமுறை பிறர் வழங்கக் காணும்வரை ஒரு தொடரைத் தாமே எழுதவோ பேசவோ முற்படாதிருக்க. புரிந்துகொள்வது முதற்கடமை, கையாள்வது பிற்கடமை.

முத்துக்குளித்துறையில் பெரும் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அக்கலையின் பாடம் நிலைத்துள்ளது. கடலின் மேற்பரப்பில் நீந்தியவர் எவரும் முத்தைக் கண்டதில்லை; சிப்பியைக் கண்டவர் யாவரும் முத்தைப் பெற்றதுமில்லை. மூச்சடக்கி மூழ்கி, கிடைத்ததைப் பொறுமையோடு திறந்து பார்த்தவரே பெற்றனர். சொல் சிப்பி; பொருளே முத்து.

மொழிமரபை அறியாமை எவரையும் இழிவுபடுத்தாது. லீஸ்திராவில் மக்கள் தம் தாய்மொழியாகிய லிக்கவோனியாவின் மொழியில் ஆரவாரித்தபோது, தமக்குப் பலியிடவே அவர்கள் ஆயத்தமாகின்றனர் என்பதைப் பவுலும் பர்னபாவும் உடனே உணரவில்லை என்பதை அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரம் காட்டுகிறது. எருதுகளும் மாலைகளும் வந்த பின்னரே அவர்கள் தங்கள் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்திற்குள் ஓடினர். அப்போஸ்தலர்க்கே நேர்ந்தது நமக்கும் நேரும். ஆனால் அவர்கள் உணர்ந்தவுடன் வாளாவிருக்கவில்லை. மக்களுக்கு விளங்கும் சொற்களில், மழையையும் விளைச்சலையும் உணவையும் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கினர். ஆங்கில நூல்களை ஆழ்ந்து பயின்று, அவற்றின் பொருளை நம் சபையார்க்கு அவர்தம் வழக்கிலேயே எடுத்துரைப்பதே இன்றைய ஊழியரின் கடமை. அதற்கேற்ற பொறுமையையும் நுண்ணறிவையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.